மனுவில் நான் சேர்த்த அழுகுரல்

தம்பி,

உன் காக்கிச் சட்டைக்கு உன் அம்மா இன்றைக்கு மூன்றாவது தடவையாக இஸ்திரி போட்டுவிட்டாள். மடிப்பில் வெண்டைக்காய் நறுக்கலாம், அப்படி நிற்கிறது. திங்கட்கிழமை நீ எஸ்.ஐ.யாகப் போய் உட்காரப்போகிற ஸ்டேஷன் எது, அங்கே எந்த பஸ் போகும், மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதெல்லாம் கருங்குழியில் இருக்கிற உன் அத்தை வரைக்கும் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்காதே. வம்பு பேசுவது பெண்கள் வேலை என்று நினைப்பவன் நம் கடைக்கு ஒருநாளும் ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்க மாட்டான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே என் வாயும் சேர்ந்துதான் திறக்கும், உனக்குத் தெரியாததா?

இதை நேரில் சொல்ல நான்கு நாளாகப் பார்க்கிறேன். நேரில் ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் ஏதாவது சொல்லி உன்னைச் சிரிக்க வைத்துவிடுவேன். அப்புறம் நானும் சிரித்துக்கொண்டே தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டாமல், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் செய்த தப்பும் அப்படி எல்லோரும் படிக்கும்படி, வெள்ளைத் தாளில், இரண்டு வரி இடைவெளி விட்டு டைப் செய்ததுதான். இதில் வருகிற பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நம் கடைப் பலகையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், மனு எழுதித் தரப்படும் என்று மூன்று வரி இருக்கிறது. முதல் இரண்டும் வயிற்றுக்கு, மூன்றாவது என் பெருமைக்கு. ஸ்டேஷனில் போய் வாயால் புகார் சொன்னால் 'எழுதிக்கினு வா' என்பார்கள். எழுத வருகிறவர்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வந்தவருக்கு, 'தாகத்தால் தவிக்கும் பச்சிளம் பாலகர்களின் முகம் பார்க்கச் சகியாமல்' என்று எழுதினேன். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. எருமை காணாமல் போனவருக்கு, 'அதைப் பிரிந்த நாள்முதல் ஒரு கவளம் உணவும் உள்ளே இறங்காமல்' என்று போட்டேன். அவர் அதை வாங்கிக்கொண்டு எதிர்க்கடையில் நான்கு பரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனார். 'உங்கப்பா எழுதினா எஸ்.ஐ.யே சேரை வுட்டு எந்திரிச்சுடுவாரு' என்று உன்னிடமே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அந்தப் புகழில் நான் இட்லி மாவு மாதிரி பொங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் இது நடந்தது. நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய்.

ஏகாம்பரத்தை உனக்குத் தெரியும். கடலோரச் சவுக்குத் தோப்புக்குக் காவல் இருப்பவர், எப்போதும் தலையில் ஈரத்துண்டு. ஒருநாள் காலை பதினோரு மணிக்குக் கடைக்கு வந்து நின்றார். தோப்புக்குள் ஒரு குழந்தை, பிறந்த குழந்தை, துணியில் சுற்றிக் கிடக்கிறது, உயிர் இல்லை என்றார். ஸ்டேஷனில் ஆளை அனுப்பிவிட்டு, இவரை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அவர் சொன்னதை அன்றைக்குச் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

"முந்தாநேத்து மத்தியானம் கொட்டாயில படுத்துகினு இருந்தேன் அண்ணாத்த. கண்ணு சொக்கிக்கினு இருந்துச்சு. இன்னாவோ ஒரு சத்தம் கேட்டுச்சு. பூனையா இன்னான்னு தெரியல. நான் கண்டுக்கல. இன்னிக்கு நாய் மோந்துகினு நிக்குது, போய்ப் பாத்தா இப்படி கீது. மேல ஒரு துளசி மாலை கெடந்துச்சு. தீட்டுப் பொருளாச்சேன்னு எடுத்துக் கடாசிட்டேன்."

நான் டைப் செய்தேன். நாளைக்கு நீ நூறு மனு படிக்கப்போகிறாய், அதனால் நான் டைப் செய்ததை வரி மாறாமல் தருகிறேன்: 'பச்சிளம் சிசு ஒன்று வீறிட்டு அழும் குரல் என் காதில் விழுந்து என் நெஞ்சைப் பிளந்தது.' பூனையை எடுத்துவிட்டேன். பூனை இருந்தால் வாக்கியம் நிற்காது. துளசி மாலையையும் எடுத்துவிட்டேன். ஈவு இரக்கமற்ற கொடூரம் என்று அடுத்த வரியில் எழுதப்போகிறேன், கொடூரம் செய்தவர் எவராவது மாலை போடுவாரா? படித்துக் காட்டினேன். ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்கும் என் எழுத்தை நினைத்துக் கொஞ்சம் கண் கலங்கியது. வெட்கக்கேடு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று சாயங்காலமே குழந்தை யாருடையது என்று தெரிந்துவிட்டது. ரேவதி. நம் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பவுனு அக்காவின் மகள், பத்தொன்பது வயது. திருவிடந்தைக் கோயில் வாசலில் மாலைக் கடையில் வேலை. கல்யாணம் ஆகாதவர்கள் எங்கிருந்தெல்லாமோ காரில் வந்து இறங்கி, மாலை வாங்கி, சாமிக்குச் சாத்தி, திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றுவார்களே, அவர்களுக்கு மாலை கட்டிக் கொடுக்கிற பெண். கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே ரத்தத்தோடு சரிந்துவிட்டாள். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்த உடனே தெரிந்துகொண்டார், பிரசவமாகி இரண்டு நாள், குழந்தை எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போனது. அவள் பிழைத்தாள். பிழைத்து எழுந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார். பெற்ற குழந்தையைக் கொன்றதாக வழக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஜெயிலுக்கு.

ஊர் எப்படிப் பேசியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேச்சுக்குத் தலைமை தாங்கியதே நம் கடைதான். ஒன்பது மாதம் ஒருத்திக்கு வயிறு தெரியாதா, ஆத்தாகாரிக்குத் தெரியாதா, எல்லாம் நாடகம் என்று வந்தவர் எல்லாரும் ஜெராக்ஸ் மிஷின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். இதில் இன்னொரு ஆள் சம்பந்தப்பட்டிருக்கிறான் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏகாம்பரம் பெயர், ரேவதி பெயர், பவுனு அக்கா பெயர், டாக்டர் பெயர் எல்லாம் கேஸ் கட்டில் ஏறின. அந்த ஒருத்தன் பெயர் ஏறவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து பவுனு அக்கா கடைக்கு வந்தாள். கூடை இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை, அதனால் ஒரு நிமிஷம் யாரென்று தெரியவில்லை. மகளை வெளியே விடச் சொல்லி ஒரு மனு எழுத வேண்டும் என்றாள். "நீங்க எழுதினா கல்லும் அழுவுமாமே அண்ணாத்த. நல்லா எழுதுங்க. எவனோ ஒருத்தன் கொயந்த அழுதுச்சின்னு எழுதி வெச்சிகீறான். அது இன்னா கையோ, வெளங்குமா அது?" அவளுக்கு எழுதப் படிக்க வராது. அந்தக் கை எதிரில் கீபோர்டு மேல் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவளேதான் பேசினாள். "ஒரே கூரைக்குக் கீழ கீறோம். நான் பாக்கலியே! விடிய மின்ன கரைக்குப் போயிடறேன், கூடைய எறக்கி வெச்சுட்டு வரதுக்குள்ள அவ கடைக்குப் போயிடறா. நைட்டி மேல துண்டு போட்டுகினே இருந்தா. இன்னாடின்னா சளிம்மான்னா. ஊரு கூடி, ஆத்தாளுக்குத் தெரியாதாங்குது. பெத்தவளுக்கே தெரியலன்னா அவ எவ்ளோ பயந்துருப்பா சொல்லுங்க?" பிறகு, ஜெயிலில் பார்த்தபோது மகள் சொன்னதைச் சொன்னாள். மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை, பாத்ரூமில். துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாளாம். குழந்தை வெளியே வந்தபோது கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம், உடம்பு நீலமாக இருந்ததாம். "முதுவுல தட்டினாளாம். வாயில ஊதினாளாம். ஒன்னும் இல்லியாம். ஒரு சத்தமும் வரலியாம் அண்ணாத்த." துணியில் சுற்றித் தோப்பில் கிடத்தி, அன்று கடைக்குக் கட்ட வைத்திருந்த துளசியில் ஒரு சரம் எடுத்து மேலே வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

நான் டைப் செய்தேன். அவள் சொன்னதை மட்டும், ஒரு சொல் கூட்டாமல். படித்துக் காட்டினேன். பவுனு அக்கா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோதானா? அழுவ வெக்கிற மாதிரி ஒன்னுமே இல்லியே?" என்றாள். போதும்கா என்றேன். ஏமாந்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் பழைய வழக்கப்படி நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தேன், முடியவில்லை. மீனில் என்ன குறை என்று உன் அம்மா கேட்டாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை அலங்காரம் இல்லாமல் அவளிடம் சொன்னேன். பூனையையும் மாலையையும் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க சேத்தது தானே? நீங்களே போய் எடுங்க" என்றாள்.

உடனே போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஒன்றரை மாதம் கடந்தது. நாளைக்கு, நாளை மறுநாள் என்று தள்ளினேன். முதலில் ஏகாம்பரத்தைப் போய்ப் பார்த்தேன், அவர் தலையில் கட்டிவிட்டு நழுவலாம் என்ற நப்பாசையில். நீங்கள் பூனை என்றுதானே சொன்னீர்கள், ஸ்டேஷனில் போய் அதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்ன பதிலை நீ சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். "சொன்னேன் அண்ணாத்த, இல்லேங்கல. ஆனா நீங்க படிச்சுக் காட்டினீங்களே, அப்போலேர்ந்து எனக்கே கொயந்த அழுவுன மாதிரிதான் ஞாபகம் கீது. இப்போ பூனைய நெனச்சாலும் வரமாட்டேங்குது. நான் இன்னா பண்றது?" அவர் பொய் சொல்லவில்லை, தம்பி. நான் எழுதியது அவர் தலைக்குள் போய், அங்கே ஏற்கெனவே இருந்ததைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. காகிதத்தில் இருப்பதைத் திருத்தலாம், மனிதனுக்குள் போனதை எந்த ரப்பரால் அழிப்பது?

அப்புறம்தான் செங்கல்பட்டுக்குப் போய், ரேவதிக்காக இலவச சட்ட உதவியில் ஆஜராகிற வக்கீலம்மாவைப் பார்த்தேன். உன் இப்போதைய வயதுதான் இருக்கும். நான் வழக்கம்போல வளைத்து வளைத்து ஆரம்பித்தேன். "சார், கதை வேணாம்" என்றார். சொன்னேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் எனக்கு விளக்கியதை உனக்கு விளக்கத் தேவையில்லை, நீ பாஸ் செய்த பரீட்சை அது. ஆனாலும் சொல்கிறேன். சட்டத்துக்கு இதில் முதல் கேள்வி ஒன்றுதான்: அந்தக் குழந்தை வெளியே வந்து மூச்சு விட்டதா? விடவே இல்லை என்றால், கொன்றாள் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. பிறந்ததை மறைத்து உடலை ஒளித்தது தனிக் குற்றம், அதற்குத் தனித் தண்டனை, கொலையோடு பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும். உடல் கிடைக்க இரண்டு நாள் ஆனது, வெயில் காலம். மூச்சு விட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று பரிசோதனை செய்த டாக்டர் எழுதிவிட்டார். "அப்போ மூச்சு விட்டுச்சுன்னு சொல்றதுக்கு அவங்க கையில கீற ஒரே சாட்சி இன்னா தெரியுமா சார்? உங்க வாக்கியம்."

பிறகு நான் சொன்னதையும் எழுதிக் கொடுத்து வக்கீலம்மா ஜாமீன் வாங்கினார். ஆனால் நான் முடிவெடுக்காமல் தள்ளிய அந்த ஒன்றரை மாதமும், பால் கட்டி, காய்ச்சலோடு, ரேவதி ஜெயிலில் இருந்தாள். அந்தக் காய்ச்சலைப் பற்றி மிகவும் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

கோர்ட்டில் நான் கூண்டில் ஏறிய கதை உனக்குத் தெரியும். நான்தான் போனில் சொன்னேன், 'உங்கப்பா இன்னைக்கு கோர்ட்டுல காமெடி ஷோ' என்று. ஹாஸ்டலில் நாலு பேரைக் கூட்டி ஸ்பீக்கரில் போட்டுச் சிரித்தாய். நீ சிரித்தது தப்பில்லை, நான் சொன்ன விதம் அப்படி. நடந்தது இது. சர்க்கார் வக்கீல் எழுந்து, இந்தப் பெண்ணின் தாயார் உங்களுக்கு மீன் கொடுப்பவர்தானே என்று கேட்டார். காசுக்குத்தான் ஐயா என்றேன். சிரிப்பு. அதுவரைக்கும்தான் உனக்குச் சொன்னேன். அதற்கு அப்புறம் ஜட்ஜ் ஐயா கேட்டார்: "அழுகுரல் கேட்டது என்று அவர் சொல்லவில்லை, நீங்களாகச் சேர்த்தீர்கள். சரியா?"

"சரிங்கய்யா."

"மாலை கிடந்தது என்று அவர் சொன்னார், நீங்கள் விட்டுவிட்டீர்கள்."

"ஆமாங்கய்யா."

"எழுதுகிற எல்லா மனுவிலும் இப்படிச் சேர்ப்பீர்களா?"

"சேப்பேங்கய்யா."

"ஏன்?"

நான் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். "அப்பதாங்கய்யா படிக்கிறாங்க" என்றேன்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் ஐயா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு திறந்து எழுதினார். எனக்கு முன்னால் ஏகாம்பரமும் தன் பங்குக்குச் சொல்லியிருந்தார், "அப்போ பூனைன்னு நெனச்சேன், எழுதினதப் படிச்ச பொறவு கொயந்தன்னு நெனச்சேன்" என்று. அவர் யோக்கியர், இரண்டையும் சொன்னார். தீர்ப்பு வந்தபோது கொலைக் குற்றத்திலிருந்து ரேவதி விடுதலை. பிறப்பை மறைத்ததற்குக் குற்றவாளி, ஏற்கெனவே ஜெயிலில் இருந்த நாட்களே தண்டனை. பவுனு அக்கா கோர்ட் வராந்தாவில் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கை எது என்று அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. எனக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இதுவரைக்கும் ஊருக்குத் தெரிந்தது. மசாலா மனுக்காரர் என்று எனக்குப் பட்டப்பெயர் வந்ததும், மனு எழுத வருகிறவர்கள் பாதியாகக் குறைந்ததும் உனக்கே தெரியும். அடுத்து எழுதப்போகிற ஒரு விஷயத்தை உன் அம்மாவிடமும் சொல்லவில்லை, வக்கீலம்மாவிடமும் சொல்லவில்லை. கூண்டில் நின்று சத்தியம் செய்துவிட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் பொய் சாட்சி ஆகாது. சட்டப்படி நான் சுத்தம். சட்டப்படி மட்டும்தான்.

அவள் சரிந்து விழுவதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு மத்தியானம் ரேவதி நம் கடைக்கு வந்தாள். ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றாள், போகவில்லை. கடைசியில் என் பக்கமாகக் குனிந்து கேட்டாள். "அண்ணா, அந்தக் கர்ப்பிணி நம்பரு கீதே, ஆஸ்பத்திரில கேப்பாங்களே, அது நீங்க எடுத்துத் தருவீங்களா?" யாருக்கும்மா என்றேன். "ஃப்ரெண்டுக்கு." உனக்குத் தெரியும், அந்தப் பதிவை நம் கடையிலேயே கம்ப்யூட்டரில் செய்து நம்பர் எடுத்துக் கொடுக்கிறேன், வாரத்துக்கு நாலு பேருக்காவது. பத்து நிமிஷ வேலை. நம்பர் எடுத்துவிட்டால் சுகாதார நர்ஸ் தேடிக்கொண்டு வருவார், ஊசி போடுவார், தேதி சொல்வார், ஆம்புலன்ஸ் வரும். ஒருத்தி தனியாகப் பாத்ரூமில் துண்டைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

நான் அவளைப் பார்த்தேன். நைட்டி மேல் துண்டு போட்டிருந்தாள். வம்பு பேசியே வளர்ந்த கண், எனக்கா தெரியாது? தெரிந்தது, தம்பி. தெரிந்துதான் சொன்னேன், அந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி. "புருஷன் பேரு கேக்குமே? உன் ஃப்ரெண்டுக்குப் புருஷன் கீறாரா, இல்ல அவரையும் ஆன்லைன்லதான் அப்ளை பண்ணணுமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்னை மிகவும் படுத்துவது அதுதான், அவளும் சேர்ந்து சிரித்தாள். "கேட்டுகினு வரேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வரவில்லை.

ஊரில் ஜெராக்ஸ் மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, யார் பொறுப்பு, யாருக்குத் தெரியும் என்று எல்லோரும் கேட்டபோது நான் டீ வாங்கிக் கொடுத்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? டீ வாங்கிக் கொடுக்கிறவனைக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஊரிலேயே அவள் கேட்ட ஒரே ஆள் நான். அம்மாவிடம் கேட்கவில்லை, கடை முதலாளியிடம் கேட்கவில்லை. என் வாய்க்கு எல்லா விஷயமும் தெரியும் என்று நம்பி என்னிடம் வந்தாள். உன் புத்தகத்தில் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. இருக்காது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து உன் மேஜைக்கு மனுக்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்னைப் போல ஒருத்தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான், காது வரை வாய் நீண்டவன். நெஞ்சைப் பிளந்தது என்று எங்கேயாவது இருந்தால், மனு கொடுத்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொல். பூனை வந்தால் பூனையை எழுது. மாலை வந்தால் மாலையை எழுது. அழகில்லாமல் எழுதியிருந்தாலும் முழுதாகப் படி. நீ படித்தால் நாங்கள் மசாலா சேர்க்க வேண்டி வராது. இன்னொன்று. என்றைக்காவது ஒருத்தி வந்து, என் ஃப்ரெண்டுக்கு என்று ஆரம்பித்தால், அந்த ஃப்ரெண்டுக்கே பதில் சொல். ஃப்ரெண்டை நீ நம்பினால், கேட்க வந்தவள் போவதற்கு முன்னால் தன் கதையையும் சொல்வாள். அப்போது பக்கத்தில் யாராவது சிரிக்க நின்றால் வெளியே அனுப்பு. உனக்கும் என் நாக்கு இருக்கிறது. ஐந்து வயதிலேயே வாத்தியாரை வைத்து வகுப்பைச் சிரிக்க வைத்தவன் நீ, நான் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. காக்கிச் சட்டைக்குள்ளிருந்து வருகிற ஜோக்குக்கு எதிரில் நிற்பவர் சிரித்துத்தான் ஆக வேண்டும், தெரிந்துகொள்.

போன மாதம் ரேவதி கடைக்கு வந்தாள். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். "உயிர் இல்லாம பொறந்த கொயந்தைக்கும் ஒரு பதிவு உண்டாமேண்ணா. வக்கீலம்மா சொன்னாங்க. இத்தினி வருசம் ஆச்சு, செய்வாங்களான்னு தெரியாது, மனு போட்டுப் பாருன்னாங்க. எங்கியாச்சும் ஒரு புக்குல அது பொறந்துச்சுன்னு இருக்கட்டும்" என்றாள். வேறு கடைக்குப் போயிருக்கலாம். என்னிடம் வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வாசலில் இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு வந்து நின்றார்கள். மிஷின் ரிப்பேர், சாயங்காலம் வாங்க என்று அனுப்பிவிட்டேன். படிவத்தைத் திறந்தேன். குழந்தை, பெண். தேதி சொன்னாள். இடம், வீடு. பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில் யாரும் இல்லை என்று போட்டோம். அடுத்த கட்டத்துக்கு வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. "அன்னிக்கு நான் கேட்டது..." என்று ஆரம்பித்தேன்.

"ஞாபகம் கீதுண்ணா" என்றாள்.

அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. அவளும் உதவவில்லை, உதவ வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. கடைசியில், "தகப்பன் பேருன்னு ஒரு எடம் கீதும்மா. வேணும்னா காலியா வுடலாம், ஒன்னும் தப்பில்ல. எழுதறதா, வுடறதா?" என்றேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது உன் அம்மா பிரசவ வார்டில் இருந்தபோதுகூட இல்லை.

அவள் ஒரு பெயர் சொன்னாள். டைப் செய்தேன். திரையைத் திருப்பிக் காட்டினேன், எழுத்து சரியா என்று பார்த்தாள். முழுவதையும் படித்துக் காட்டினேன். "அவ்ளோதான். சரியா கீது" என்றாள். ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அவள் எதிரிலேயே அழித்தேன். உனக்கு இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எழுதுங்க. பேரை மாத்திடுங்க. மசாலா மட்டும் போடாதீங்கண்ணா."

ரேவதி வந்து படிவம் நிரப்பியதை மட்டும் வீட்டில் சொல்லியிருந்தேன். அந்தப் பெயர் யாருடையது என்று உன் அம்மா மூன்று நாள் விதவிதமாகக் கேட்டுப் பார்த்தாள். நாலாவது நாள் வஞ்சிரம் வாங்கி வறுத்துப் போட்டுக் கேட்டாள். மீனைச் சாப்பிட்டேன், சொல்லவில்லை. நீ இப்போது போலீஸ், அதட்டிக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டியவள் சொல்லிவிட்டாள். என் வேலை டைப் அடிப்பது.

சட்டை ஆணியில் தொங்குகிறது, மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொள். இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஒரு பெயரை எடுத்திருக்கிறேன். வேறெதுவும் சேர்க்கவில்லை.

உன் அப்பா